பழுது பார்த்த கார்புரேட்டரை மீண்டும் கழற்றலாமா?

ஐப்பசி மழைக்குப் பின் மூலனூர்ப் பக்கத்து முருங்கைத் தோட்டங்களில் களை காத்திருக்காது. அந்த நேரம் பார்த்துப் பெட்ரோல் பவர் வீடர் திணறி நிற்கும். கார்புரேட்டருக்குப் புது உதிரிபாகங்கள் போட்ட பிறகும் இப்படியானால், உடனே மறுபடி கழற்றி ஜெட்டைக் கம்பியால் குத்துகிறார்கள். இது தவறு. துளை பெரிதானால் பெட்ரோல் செலவு கூடும்.

முதலில் டேங்க் மூடியைச் சற்றுத் தளர்த்தி ஓட்டிப் பாருங்கள். சீராக ஓடினால் மூடியின் காற்றுத்துளையில்தான் அடைப்பு. சோக்கைப் பாதி மூடியதும் சீரானால், ஜெட் அடைத்திருக்கலாம். அல்லது கேஸ்கட் வழியே காற்று புகலாம். புது ஊசி போட்டுவிட்டுப் பழைய கேஸ்கட்டையே மாட்டுவது என்ன சிக்கனமோ! கரும்புகையும் நனைந்த பிளக்கும் கண்டால் காற்று வடிகட்டியையும் மிதவை ஊசியையும் பார்க்க வேண்டும்.

பெட்ரோலையும் நம்பிவிட வேண்டாம். 2025இல் நாட்டின் பெட்ரோலில் எத்தனால் கலப்பு 20 சதவீதத்தை எட்டியது. எத்தனால் ஈரத்தை இழுக்கும். நீர் மிகுந்தால் இரண்டும் சேர்ந்து பிரிந்து அடியில் தங்கும். கோடை முழுதும் டேங்கில் கிடந்த பெட்ரோலைக் கண்ணாடிக் குப்பியில் வடித்து வைத்தால், பிரிந்த அடுக்கு கண்ணுக்கே தெரியும். பீடியை அதற்குப் பிறகு பற்ற வைக்கலாம்.