புல்லட் ஹெட்டை ஃபேசிங் கொடுக்கப்போறீங்களா? முதல்ல அளங்க!

'ஹெட்டை லேத்ல கொடுத்து எடுத்தா வண்டி பறக்கும்' என்று யார் சொன்னாலும், முதலில் அளந்துவிடுங்கள் மக்களே!

பழைய புல்லட் 350-ன் போர் 70 மி.மீ., ஸ்ட்ரோக் 90 மி.மீ.; கொள்ளளவு 346 சி.சி. இரு வால்வுகளும் மூடியிருக்க, பிஸ்டனை உச்சிக்குக் கொண்டுவாருங்கள். பிளக் துளை நேராக மேலே பார்க்கும்படி வண்டியைச் சாய்த்து, சிரிஞ்சால் ஆயில் ஊற்றுங்கள். பிளக் மரையின் அடிவரை 58 சி.சி. பிடித்தால், 346+58=404. அதை 58-ஆல் வகுத்தால் கம்ப்ரஷன் சுமார் 7.

அதை 8 ஆக்க, அந்த இடம் 49.4 சி.சி-யாகச் சுருங்கவேண்டும். மெல்லிய கேஸ்கெட், மேடான பிஸ்டன், கடைசியாகத்தான் ஃபேசிங். அளவு மீறினால் வால்வு பிஸ்டனில் இடிக்கும். இன்ஜின் 'நாக்' அடித்து பிஸ்டனே ஓட்டையாகலாம்.

அப்பா காலத்து ஹெட்... சீவியதைத் திரும்ப ஒட்டமுடியாது பாஸ்!