புகழை நாடாத பாடகர்

திறமுடையோர் யாவரும் திறத்திற்கேற்ற புகழ் எய்துவதில்லை. இவ்வுண்மைக்கு அயர்லாந்து தேசத்து ராக் இசைவாணர் ரோரி கேலகர் தக்கதோர் சான்றாவர்.

1948-இல் பிறந்த இவர், 1963-இல் தமது 15-ஆம் வயதில், கார்க் நகரத்துக் கடையொன்றில் ஏறக்குறைய 100 பவுன் விலையுள்ள பழைய கித்தார் ஒன்றைத் தவணைக் கடனிற் பெற்றார். வியர்வை பட்டு அதன் வண்ணப்பூச்சு உதிர்ந்த பின்னரும், இறுதிவரை அதனைக் கைவிட்டாரில்லை. தனிப்பாட்டுத் தட்டுகளை வெளியிட்டு விரைவிற் பெயர் தேடவும் விழைந்தாரில்லை.

1970-க்குப் பின், வெடிகுண்டுகளுக்கு அஞ்சிப் பிற பாடகர் பலர் பெல்பாஸ்ட் நகரைத் தவிர்த்த காலத்தும், இவர் ஆங்குச் சென்று பாடினார். சமயப் பிரிவினையால் பகைத்து நின்ற இரு சாரார்தம் இளைஞரும் ஓர் அரங்கில் ஒருங்கிருந்து கேட்டனர்.

1995-இல், தமது 47-ஆம் வயதில், இவர் காலமானார். பெருவெற்றி காணாதவர் என இவரைக் குறித்து இரங்குவாருளர். யாம் அங்ஙனம் கருதோம். அச்சம் சூழ்ந்த நகரில் மக்களை ஒருங்கிருத்திப் பாடியவரின் பணியை விற்பனைக் கணக்கால் அளப்பது, மழையின் பயனை இடியோசையால் அளப்பதனை ஒக்குமன்றோ?