ஒரே நடிகர்! ஓரியும் அவரே, காரியும் அவரே!

கொல்லிமலை மேடைக்கு ஒரு புது நாடகம் வேண்டும்

நாடகம் என்றால் ராஜா வேண்டும். ராணி வேண்டும். மந்திரி வேண்டும். சண்டை போட நாலு சிப்பாய்களாவது வேண்டும்.

ஒரே ஒருவர் மேடையில் வந்து நின்று, "எல்லா வேஷமும் எனக்குத்தான்" என்றால் ஜனங்கள் ஒப்புக்கொள்வார்களா?

ஒப்புக்கொள்வார்கள். ஒப்புக்கொண்டும் இருக்கிறார்கள்!

வங்காளத்துப் பாஞ்சாலி

1983-ம் ஆண்டில் வங்காளத்தில் ஒரு நாடகம் அரங்கேறியது. அதன் பெயர் "நாதவதி அநாதவத்". நாதன் இருந்தும் அநாதை போல நின்றவள் என்று பொருள். அது பாஞ்சாலியின் கதை. ஐந்து கணவர்கள் இருந்தும் சபையில் அவளைக் காக்க ஒருவரும் எழுந்திருக்கவில்லை அல்லவா? அந்தக் கதைதான்.

அதை எழுதியவர் ஷாவ்லி மித்ரா. நடித்தவரும் அவரே. அவருடைய தந்தை சம்பு மித்ரா, தாய் திருப்தி மித்ரா. இருவரும் பேர் பெற்ற நாடகக் கலைஞர்கள்.

ஷாவ்லி கதை சொல்பவராக மேடைக்கு வந்தார். சொல்லிக்கொண்டே பாஞ்சாலியாக மாறினார். மறு நிமிடம் துரியோதனன், அடுத்து தருமன். ஒரே உடல், ஒரே குரல். ஆனால் சபை முழுவதும் மேடையில் இருந்தது! 2022-ம் ஆண்டில் அவர் காலமானார். அந்த நாடகத்தின் புகழ் இன்னும் நிற்கிறது.

தைவான் தீவிலும் இப்படி ஒரு புதுமை நடந்தது. ஷேக்ஸ்பியர் எழுதிய "லியர் மன்னன்" ஒரு சோக நாடகம். பெற்ற பெண்களை நம்பி நாட்டைப் பங்கிட்டுக் கொடுத்து, நடுத்தெருவில் நின்ற கிழ ராஜாவின் கதை அது. 2001-ம் ஆண்டில் வூ சிங்-குவோ என்ற நடிகர் அதைத் தனி ஒருவராக நடித்தார். ராஜாவும் அவரே, பெண்களும் அவரே, கோமாளியும் அவரே!

கொல்லிமலையின் சோகம்

இதற்கும் கொல்லிமலைக்கும் என்ன சம்பந்தம்? இருக்கிறது!

நாமக்கல் மாவட்டத்தில் இருக்கிறது கொல்லிமலை. 70 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து மேலே போக வேண்டும். செம்மேட்டில் வல்வில் ஓரியின் சிலை நிற்கிறது. ஆண்டுதோறும் ஆடி மாதத்தில் அரசு சார்பில் ஓரி விழா நடக்கிறது. வில் போட்டி உண்டு. கலை நிகழ்ச்சிகளும் உண்டு.

ஓரி என்றால் குழந்தைகளுக்கும் தெரியும். ஒரே அம்பு! அது யானையை வீழ்த்தி, புலியைக் கொன்று, மானை உருட்டி, பன்றியைச் சாய்த்து, கடைசியில் புற்றில் இருந்த உடும்பில் போய்த் தைத்தது. புறநானூற்றில் வன்பரணர் பாடிய செய்தி இது.

ஆனால் ஓரி எப்படி இறந்தான்? இதைக் கேட்டால் பலர் விழிப்பார்கள்.

ஓரியைக் கொன்றவன் மலையமான் திருமுடிக்காரி. கொன்று, கொல்லிமலையைச் சேர மன்னனுக்குக் கொடுத்துவிட்டான். அகநானூறு இதைச் சொல்கிறது. காரி என்ற குதிரைமேல் வந்த காரி, ஓரி என்ற குதிரைமேல் வந்த ஓரியோடு மோதினான் என்று சிறுபாணாற்றுப்படை சொல்கிறது. வெற்றி பெற்ற காரி, ஓரியின் பெருந்தெருவில் நுழைந்தபோது எழுந்த ஆரவாரத்தை நற்றிணை சொல்கிறது.

காரி யார்? கொடியவனா? இல்லை! கடையெழு வள்ளல்களில் ஓரி ஒருவன். காரியும் ஒருவன். ஒரு வள்ளலை இன்னொரு வள்ளல் கொன்றான். மலையோ மூன்றாவது ஆளுக்குப் போய்ச் சேர்ந்தது. இதைவிடப் பெரிய சோகம் வேறு என்ன வேண்டும்?

ஏன் ஒருவரே நடிக்க வேண்டும்?

இரண்டு நடிகர்கள் நடித்தால் என்ன ஆகும்? ஒருவர் கதாநாயகன், மற்றவர் வில்லன் ஆகிவிடுவார். ஜனங்கள் ஓரிக்குக் கை தட்டுவார்கள். காரியைத் திட்டுவார்கள். வீட்டுக்குப் போய்விடுவார்கள்.

ஒரே நடிகர் இருவராகவும் நடித்தால்? கொல்பவன் முகமும் சாகிறவன் முகமும் ஒன்றாக இருக்கும். அப்போதுதான் உண்மை உறைக்கும். கொடுக்கும் கையும் கொல்லும் கையும் ஒன்றாக இருக்கலாம். அண்ணன் தம்பி வழக்கிலும், ஊருக்கு ஊர் நடக்கும் சண்டையிலும் இன்றும் இதுதானே நடக்கிறது?

செலவும் குறைவு. திரை வேண்டாம், சிம்மாசனம் வேண்டாம். 70 வளைவு ஏறி வர ஒரு வண்டி போதும்.

புரியுமா?

"புதுமை என்று சொல்லிப் புரியாத கூத்து ஆடுவார்கள்" என்று சிலர் குறை சொல்லக்கூடும். அந்தப் பயம் நியாயமானதே. பட்டணத்துப் பரீட்சார்த்த நாடகங்கள் சிலவற்றைப் பார்த்துவிட்டுத் தலையைச் சொறிந்துகொண்டு வந்தவர்கள் உண்டு. ஆகவே நாடகம் மலைமக்களுக்குப் புரியும் பேச்சில் இருக்க வேண்டும். மலையில் பிறந்த இளைஞரோ இளம்பெண்ணோ பயிற்சி பெற்று நடித்தால் இன்னும் நல்லது.

தனி ஆள் நடிப்பு நமக்குப் புதிதும் அல்ல. கதாகாலட்சேபத்தில் பாகவதர் ஒருவரே ராமனாகவும் ராவணனாகவும் பேசவில்லையா? தெருக்கூத்தில் கட்டியங்காரன் ஒருவனே காவலனாகவும் வேலைக்காரனாகவும் வரவில்லையா?

அதே சமயம், இதற்காகத் தெருக்கூத்துக் கலைஞர்களின் வாய்ப்பைப் பறித்துவிடக் கூடாது. விடிய விடிய நடக்கும் கூத்து நடக்கட்டும். அதற்கு முன்னால் ஒரு மணி நேரம் இதற்குக் கொடுத்தால் போதும்.

கலைஞர்கள் பட்ட கடன்

ஓரி பாணர்களுக்கு அள்ளி அள்ளிக் கொடுத்தான். பசி தீர்ந்த மகிழ்ச்சியில் அவர்கள் ஆடவும் பாடவும் மறந்துபோனார்கள் என்று வன்பரணர் சொல்கிறார்.

கொடுத்தவன் போய்விட்டான். கலைஞர்கள் பட்ட கடன் மட்டும் பாக்கி இருக்கிறது. ஆண்டுதோறும் அவன் வில்லுக்கு விழா எடுக்கிறார்கள். அடுத்த ஆடியில் அவன் சாவின் கதையையும் அந்த மேடையில் சொல்லட்டும். வில்லைப் பார்த்துக் கை தட்டும் பிள்ளைகள், அந்த வில் ஏன் வீழ்ந்தது என்பதையும் தெரிந்துகொள்ளட்டும்!