பார்க்காத படத்திற்குப் பத்து நட்சத்திரம்

2022 ஜூன் 8ஆம் நாள் ‘மிஸ் மார்வெல்’ தொடரின் முதல் பகுதி டிஸ்னி பிளஸ் தளத்தில் வெளியானது. அந்த வாரத்தில் எங்கள் உறவினர் வாட்ஸ்அப் குழுவிற்கு ஒரு செய்தி வந்து சேர்ந்தது. முஸ்லிம் பெண்பிள்ளை ஒருத்தி கதாநாயகியாக வருகிறாள் என்பதற்காகவே ஐஎம்டிபி தளத்தில் பலர் ஒற்றை நட்சத்திரம் இட்டுத் தொடரைத் தாழ்த்துகின்றனர். ஆகவே நாம் அனைவரும் சென்று பத்து நட்சத்திரம் இட வேண்டும் என்றது அச்செய்தி. நானும் சென்று இட்டேன். தொடரின் ஒரு காட்சியைக்கூட அப்போது நான் பார்த்திருக்கவில்லை.

சினிமா பார்ப்பது கூடுமா, கூடாதா என்னும் விவாதத்திற்குள் நான் இங்கே செல்லவில்லை. அதை ஆலிம்கள் பேசட்டும். நம் வீட்டுப் பிள்ளைகள் சூப்பர் ஹீரோ படங்களைப் பார்க்கின்றனர், அவற்றைப் பற்றி ஓயாது வாதிடுகின்றனர், இயக்குநர்கள்மீது தீர்ப்பும் வழங்குகின்றனர். அந்தத் தீர்ப்புகள் எவ்வாறு உருவாகின்றன என்பதே என் கவலை.

ஒற்றை நட்சத்திரம் பற்றிய செய்தி பொய்யன்று. இவ்வழக்கம் மிஸ் மார்வெலுக்கு முன்பே வேரூன்றியிருந்தது. 2019 மார்ச்சில் வெளிவந்த ‘கேப்டன் மார்வெல்’ படத்தின்மீது, அது திரைக்கு வருவதற்கு முன்பே ராட்டன் டொமேட்டோஸ் தளத்தில் வசைகள் குவிந்தன. கதாநாயகியாக நடித்தவரின் பேச்சு சிலருக்குப் பிடிக்கவில்லை என்பதைத் தவிர அவற்றுக்குப் பெரிய காரணம் இல்லை. வெளியீட்டுக்கு முன்பே பார்வையாளர் கருத்து எழுதும் வசதியை அத்தளம் அந்தப் பிப்ரவரி இறுதியில் நீக்கியது. சில மாதங்களில், நுழைவுச்சீட்டு வாங்கியது உறுதியானவர்களின் மதிப்பீட்டைத் தனியே காட்டவும் தொடங்கியது. படமோ உலகெங்கும் 110 கோடி டாலருக்கு மேல் வசூலித்தது. ‘நோமாட்லேண்ட்’ படத்திற்காக 2021இல் சிறந்த இயக்குநருக்கான ஆஸ்கர் பெற்ற க்ளோயி ஜாவ், அதே ஆண்டில் ‘எட்டர்னல்ஸ்’ படத்தை வெளியிட்டபோதும் இதே கதைதான். திரையரங்குகளுக்குப் படம் வரும் முன்னரே ஒற்றை நட்சத்திரங்கள் வந்துவிட்டன. வீட்டிலிருந்தே காணும் தொடருக்கு நுழைவுச்சீட்டு ஏது? அங்கே பார்த்தவரையும் பாராதவரையும் பிரித்தறிய எளிய வழி இல்லை.

ஆயினும், எதிர்த்தரப்பார் செய்த அதே பிழையைத்தான் நானும் செய்தேன். அவர்கள் பாராமல் பழித்தனர். நான் பாராமல் புகழ்ந்தேன். சாட்சி சொல்வது பற்றி நம் மார்க்கம் எத்துணைக் கண்டிப்பானது என்பதை மதரஸாவில் ஓதிய பிள்ளைகூட அறியும். ‘இது வெறும் நட்சத்திரம்தானே’ என்று அன்று என் மனம் சமாதானம் சொல்லிக்கொண்டது. அந்த நட்சத்திரங்களின் சராசரியைப் பார்த்துவிட்டே ஒரு படத்தைக் காண்பதா, விடுவதா என்று நாமே முடிவு செய்கிறோம் என்பதை நான் எண்ணிப் பார்க்கவில்லை.

பின்னர் ஆறு பகுதிகளையும் என் தங்கை மகனோடு அமர்ந்து பார்த்தேன். நல்லவை உண்டு. ஜெர்சி சிட்டியில் வளரும் கமலா கானின் பள்ளிவாசல், வழக்கமான ஆங்கிலப் படங்களில் வருவது போல வெடிகுண்டுக்கான பின்னணி இசையோடு வரவில்லை. வாசலில் செருப்பு காணாமற்போகிறது. பெண்கள் தொழும் பகுதி பழுதடைந்து கிடக்கிறது. அதைச் சரிசெய்ய வேண்டுமென்று ஹிஜாப் அணிந்த தோழி நக்கியா நிர்வாகக் குழுத் தேர்தலில் நிற்கிறாள். இதைப் பார்த்தபோது நான் வாய்விட்டுச் சிரித்தேன். நம் மஹல்லாக்களில் இந்தத் தேர்தலில் நிற்க எத்தனை பெண்களை விடுவோம் என்று எண்ணியபோது சிரிப்பு அடங்கிற்று. 1947 பிரிவினையின்போது கராச்சி செல்லும் ரயிலைப் பிடிக்க அலைமோதும் கூட்டத்தை ஐந்தாம் பகுதியில் காட்டுகின்றனர். பாகிஸ்தானைச் சேர்ந்த ஷர்மீன் ஒபைத் சினாய் இயக்கிய பகுதி அது. ஆவணப்படங்களுக்காக இருமுறை ஆஸ்கர் பெற்றவரின் கை அதில் தெரிகிறது.

குறைகளும் உண்டு. வேற்றுலகிலிருந்து வந்த ஒரு கூட்டத்திற்கு ‘ஜின்’ என்னும் பெயரை ஒட்டியது எனக்கு உவப்பாக இல்லை. நாம் நம்பும் மறைவான படைப்பை வில்லன்களுக்கான முகமூடியாக்கியது போன்றிருந்தது. அவ்வில்லன்களும் ஆழமின்றி வந்து அவசரமாக மறைந்துபோகின்றனர். சித்திரக்கதையில் கமலாவின் உடலே நீளும், சுருங்கும். தொடரில் அதை ஒளியாலான சக்தியாக மாற்றிவிட்டனர். மூலக்கதையை நேசித்த வாசகர்கள் இதற்காக வருந்தியதில் நியாயம் இருக்கிறது. அத்தகையோர் அளித்த குறைந்த மதிப்பெண்ணையும் ‘இஸ்லாமிய வெறுப்பு’ என்று நம் குழுக்களில் ஒரே மூட்டையாகக் கட்டியது அநீதி. வெறுப்பு இருந்தது உண்மை. ஆனால் குறை சொன்னவர் எல்லாரும் வெறுப்பாளர் அல்லர்.

இதே தொடரின் முதற்பகுதியையும் இறுதிப்பகுதியையும் இயக்கியவர்கள் ஆதில் எல் அர்பி, பிலால் ஃபல்லாஹ் என்னும் இரு இளைஞர்கள். பெல்ஜியத்தின் மொராக்கோக் குடும்பங்களைச் சேர்ந்தவர்கள்; திரைப்படக் கல்லூரியில் சந்தித்து நண்பரானவர்கள். 2020இல் இவர்கள் எடுத்த ‘பேட் பாய்ஸ் ஃபார் லைஃப்’ 40 கோடி டாலருக்கு மேல் ஈட்டியது. அதன்பின் வார்னர் நிறுவனத்திற்காக இவர்கள் இயக்கிய படம் ‘பேட்கேர்ள்’. படப்பிடிப்பு முடிந்து படத்தொகுப்பு நடந்துகொண்டிருந்தது. ஏறத்தாழ 9 கோடி டாலர் செலவாகியிருந்ததாகச் செய்திகள் கூறின. 2022 ஆகஸ்ட் தொடக்கத்தில், அப்படத்தை எங்குமே வெளியிடப்போவதில்லை என்று நிறுவனம் அறிவித்துவிட்டது. ரசிகர்கள் என்றேனும் ஒருநாள் அதைக் காணக்கூடும் என்று விரும்பி இயக்குநர்கள் வெளியிட்ட அறிக்கையில் ‘இன்ஷா அல்லாஹ்’ என்ற சொல் இருந்தது. அதைப் படித்தபோது, முன்பின் அறியாத அவ்விருவரும் ஒருகணம் சொந்தச் சகோதரர்களாகவே எனக்குத் தோன்றினர்.

அடுத்து நடந்தது வியப்பிற்குரியது. யாருமே காண இயலாத படத்தைப் பற்றி ரசிகர்கள் இரு கட்சியாகப் பிரிந்தனர். குப்பை என்பதால்தான் நிறுவனமே புதைத்துவிட்டது என்றனர் ஒரு சாரார். மாபெரும் கலைப்படைப்பைக் கொன்றுவிட்டனர் என்றனர் மறுசாரார். எங்கள் வாட்ஸ்அப் குழுவில் மூன்றாவது தீர்ப்பும் வந்தது: இயக்குநர்கள் முஸ்லிம்கள் என்பதால்தான் முடக்கிவிட்டார்களாம். அதே நாளில் அதே நிறுவனம் இன்னொரு படத்தையும் கைவிட்டது. அது ஸ்கூபி டூ என்னும் நாயைப் பற்றிய சிறுவர் அனிமேஷன் படம். இணைப்பிற்குப் பின் புதிதாக அமைந்த நிர்வாகம் செலவைக் குறைக்கவும் வரியில் கழிவு பெறவும் எடுத்த கணக்கு அது என்றே செய்திகள் விளக்கின. இதை நான் குழுவில் எழுதினேன். ‘நீங்கள் யார் பக்கம், மாமா?’ என்று கேட்டான் தங்கை மகன்.

அவன் கேள்விக்கு அன்று என்னிடம் விடை இல்லை. ஆயினும் ஐஎம்டிபி தளத்தைத் திறந்து, மிஸ் மார்வெலுக்கு நான் இட்டிருந்த பத்தை நீக்கிவிட்டு ஏழு இட்டேன். அருகில் அமர்ந்து பார்த்துக்கொண்டிருந்தவன் ஐந்தாம் பகுதிக்காகவேனும் எட்டு இட வேண்டும் என்று வாதாடினான். ஜின் விவகாரத்தை எடுத்துச் சொன்னேன். அவன் ஒப்பவில்லை. இருவரும் தொடரைப் பார்த்திருந்ததால் அன்றைய வாதம் வெகுநேரம் நீண்டது.