எதிராளியைத் திட்டாதீர்கள்

'உங்கள் முறைன்னு மெயில் வருது சார், போர்டுல அவன் காய் நகரவே இல்ல. நேரத்தைத் திருடுறான்' என்று புகார் வேறு கொடுத்திருக்கிறீர்கள்! நகர்த்தலுக்கு 3 நாள் அவகாசமுள்ள ஆட்டத்தில், உங்கள் திரையைக் கெடுக்க அவரால் எப்படியப்பா முடியும்?

நாள்கணக்கில் திறந்தே கிடக்கும் டேப், லேப்டாப் தூங்கி எழுந்தால் சர்வர் தொடர்பு அறுந்து பழைய படத்தையே காட்டும். கன்ட்ரோல், ஷிஃப்ட், ஆர் மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள். அசையவில்லையா? இன்காக்னிட்டோவில் திறந்து பாருங்கள். அங்கே சரியாக இருந்தால் கோளாறு உங்கள் பிரவுசரில்தான். பெரும்பாலும் விளம்பரத் தடுப்பான். 'எல்லாத்தையும் அழிச்சிடு' என்னும் வாட்ஸாப் வைத்தியர்களை நம்பினால் ஒவ்வொரு தளத்திலும் மறுபடி லாகின் செய்துகொண்டிருப்பீர்கள்.

தபால் சதுரங்கத்தில் கடிதம் பயணிக்கும் நாட்களைக் கணக்கில் சேர்க்கமாட்டார்கள். இங்கே கடிகாரம் சர்வரில் ஓடுகிறது, நீங்கள் திட்டும்போதும். அந்தப் புகாரை இன்றே திரும்பப் பெறுங்கள்.