பழைய வீடும் புதிய வீடும்

கொல்லிமலைப் பாதையில் 70 கொண்டை ஊசி வளைவுகள் உள்ளன. மேலே வீடு கட்ட விரும்புகிற மலைவாசிக்குச் சிமெண்டு மூட்டையும் இரும்புக் கம்பியும் அத்தனை வளைவுகளையும் கடந்தே வந்து சேரவேண்டும். சாமானின் விலையோடு வண்டிக் கூலியும் ஏறிக்கொண்டே போகிறது.

2030-க்குள் எட்டு லட்சம் காங்கிரீட் வீடுகள் கட்டித் தருவதாகத் தமிழ்நாட்டுச் சர்க்கார் 2024-ம் வருஷத்துப் பட்ஜெட்டில் அறிவித்தது. வீடு ஒன்றுக்கு மூன்றரை லட்சம் ரூபாய் என்று தொகையும் நிர்ணயித்தது. இந்நோக்கத்தை நாம் மனமார ஆதரிக்கிறோம். ஒழுகும் கூரையின் அழகை வர்ணிப்போர் அதன் கீழ் ஒரு மழைக்காலம் வசித்துப் பார்க்கட்டும். ஆனால் தொகையோ அளவானது. வண்டிக்குக் கொடுக்கும் ஒவ்வொரு ரூபாயும் சுவரில் குறைந்துபோகும் ரூபாயல்லவா?

இந்நிலையில், இடிக்கப்படும் பழைய வீட்டில் கிடப்பதை நாம் மறக்கலாகாது. பல வருஷம் காய்ந்த மரம் இனிச் சுருங்காது, எளிதில் முறுக்கிக்கொள்ளாது. அஸ்திவாரக் கல்லுக்கு வயதில்லை. மண் சுவரை உடைத்து நனைத்து மிதித்தால் மீண்டும் சுவராகும். சுண்ணாம்பிலோ மண்ணிலோ கட்டிய செங்கல் முழுசாகக் கழன்று வரும்; சிமெண்டில் கட்டியதுதான் உடைந்து போகும். கறையான் அரித்த மரத்தைத் தள்ளிவிட வேண்டியதே. நுரையீரலைக் கெடுக்கும் கல்நார்த் தகடுகளையோ மறுபடி உபயோகிக்கவே கூடாது.

இது ஏழைக்கு மட்டும் சொல்லும் சிக்கன உபதேசமன்று. செட்டிநாட்டு மாளிகைகளிலிருந்து கழற்றிய தூண்களும் கதவுகளும் காரைக்குடிக் கடைகளில் விலைபோகின்றன. 1996-ல் திறக்கப்பட்ட முட்டுக்காடு தட்சிணசித்ராவில் பழைய வீடுகளையே பிரித்துக் கொணர்ந்து மறுபடி நிறுத்தியிருக்கிறார்கள். செல்வர் வீட்டுக் கதவு கலைப்பொருள், மலையாளிப் பழங்குடியினர் வீட்டுக் கதவு விறகு என்பது எந்த நியாயம்?

பழைய பொருளால் வீட்டின் உறுதி குன்றுமென்பர் சிலர். கூரையின் கம்பியும் சிமெண்டும் புதியனவாகவே இருக்கட்டும். அதில் நமக்கு வாதமில்லை. கதவு, நிலை, ஜன்னல், தளம், அஸ்திவாரம் இவற்றுக்கு அந்த ஆட்சேபம் செல்லாது.

ஆகையால் சர்க்காருக்கு நமது யோசனை இது: இடிக்குமுன் என்ஜினீயர் பழைய வீட்டைச் சோதித்து, உதவும் பொருளை வீட்டுக்காரர் முன்னிலையில் ஜாபிதா எழுதவேண்டும். அவற்றை மதிப்பீட்டில் சேர்த்து, மிச்சமாகும் பணத்தை அவ்வீட்டுக்கே செலவிட அனுமதிக்கவேண்டும். பழைய வீடு அவருடைய சொத்து. அதைக் குப்பையென்று தீர்ப்பளிக்க யாருக்கும் உரிமையில்லை.