புழுவென்று பெயரிட்டபின்

ஒரு சொல் ஓர் உயிரின் மதிப்பை எவ்வளவு தாழ்த்திவிட முடியும் என்பதற்கு ஆங்கிலத்தின் 'வார்மின்ட்' தக்க சான்று. 'வெர்மின்' என்பதன் திரிபு அது. வேர்ச்சொல்லோ புழுவைக் குறிக்கும் 'வெர்மிஸ்' என்னும் இலத்தீன். அமெரிக்க மேற்குப் பகுதியின் பண்ணையாளர்கள் ஓநாயின் உறவான கயோட்டியையும், வளை தோண்டிக் கூட்டமாக வாழும் பிரெய்ரி நாயையும் இச்சொல்லால் சுட்டுகிறார்கள். பிரெய்ரி நாய் உண்மையில் அணில் குடும்பத்துக் கொறிவிலங்கு. குரைப்பது போன்ற குரலால் அப்பெயர் பெற்றது.

இளவேனில் பிறந்ததும் நண்பர்கள் இருவர், பண்ணை உரிமையாளரிடம் அனுமதி பெற்று, மேய்ச்சல் நிலத்துக்குப் புறப்படுவது அங்கே வழக்கம். ஒருவர் தொலைநோக்கியில் பார்த்து இலக்கைச் சொல்ல, மற்றவர் சுடுவார். பிறகு இடம் மாறிக்கொள்வர். பெரும்பாலும் அது இறைச்சிக்கான வேட்டை அன்று. விழுந்தவை விழுந்த இடத்திலேயே கிடக்கும்.

இதைக் கொடுமை என்று ஒரே சொல்லில் ஒதுக்கிவிட நான் விரும்பவில்லை. மாடுகளுக்கான புல்லை இவ்விலங்குகளும் தின்கின்றன. வறண்ட ஆண்டில் அந்த இழப்பு பண்ணையாளருக்குச் சிறிதன்று. எண்ணிக்கையைக் கட்டுப்படுத்தும் உரிமை அவருக்கு உண்டு. என் மறுப்பெல்லாம் பருவம் குறித்ததே.

கருவால் பிரெய்ரி நாய் ஆண்டுக்கு ஒருமுறைதான் ஈனும். வளைக்குள் பிறக்கும் குட்டிகள் ஏறத்தாழ ஆறு வாரம் தாய்ப்பாலை நம்பிக் கிடந்து, மே மாத வாக்கில் வெளியே தலை காட்டும். ஏப்ரலில் தாயைச் சுடுகிறவர், மண்ணுக்கடியில் பட்டினியால் மடியும் குட்டிகளைக் காண்பதில்லை. அன்றைய கணக்கிலும் அவை சேர்வதில்லை.

கொலராடோ மாநிலம் இதை உணர்ந்து, பொது நிலங்களில் மார்ச் 1 முதல் ஜூன் 14 வரை இவ்வேட்டையைத் தடைசெய்துள்ளது. ஆனால் தனியார் நிலத்தில் ஆண்டு முழுவதும் சுடலாம். முள்வேலிக்கு இப்புறம் பாலூட்டும் தாயாக இருப்பது அப்புறம் சென்றதும் வெறும் புழுவாகிவிடுமா?

இவ்விலங்கை நம்பியே வாழ்வது கருங்கால் ஃபெரட். அழிந்ததாகக் கருதப்பட்ட அவ்வினம், 1981இல் வயோமிங்கின் மீட்டீட்ஸி அருகே ஒரு பண்ணை நாய் கொன்று கொண்டுவந்த உடலால்தான் மீண்டும் வெளிப்பட்டது. இறுதியில் எஞ்சிய 18 உயிர்களைப் பிடித்து இனப்பெருக்கம் செய்து மீட்டார்கள். இரை அருகினால் வேட்டையாடும் உயிரும் அருகும் என்பதற்கு வேறு விளக்கம் தேவையில்லை.

பொது நிலத்துக்குரிய பருவத்தடை தனியார் நிலத்துக்கும் விரிய வேண்டும். ஈயக் குண்டுகளுக்கு மாற்றாகச் செம்புக் குண்டுகள் வழக்கிற்கு வரவேண்டும். ஈயம் பாய்ந்த உடல்களைத் தின்னும் கழுகுகள் நஞ்சேறி மடிகின்றன. சட்டம் வரும்வரை நண்பர்கள் தம் பயணத்தை ஜூன் பாதிவரை தள்ளிவைக்கலாம். அதனால் பண்ணையாளர் பெரிதாக எதையும் இழந்துவிடமாட்டார் என்றே எண்ணுகிறேன்.